பத்தாண்டுக் குதிரை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதுமிடத்து, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலங்கள் அத்துறையில் வந்து நங்கூரமிடும் என்று குறிக்கின்றார். பாண்டிய அரசர் ஆண்டுதோறும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவார் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறு கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதி வைத்திருக்கின்றார். குதிரையைப் பேணும் கலை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை என்பதும், தெரிந்த குதிரை வைத்தியரை விற்பனையாளர்கள் இங்கே வரவிடுவதில்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்! ‘இராவுத்தர்’ என்னும் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. குதிரை மீது நம் முன்னோர்க்கிருந்த பிடிப்பு அப்பெயரில் இன்னும் தங்கியிருக்கின்றது.

இந்தப் பழைய செய்தி நம் நினைவுக்கு வந்த இடம் சிங்கப்பூர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முழுவதும் நாம் அங்கே நம் தங்கையின் இல்லத்தில் தங்கியிருந்தோம். தங்கையின் மூத்த மகன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பொறியாளர், வயது நாற்பத்தாறு. மனைவி, கல்லூரி வாசலில் நிற்கும் மகள், பள்ளியில் பயிலும் மகன், இவர்களோடு தாயையும் உடன் வைத்துக்கொண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் அடக்கமாக வாழ்பவர். புகை பிடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை, சட்டைகளைக் கூட மனைவி நினைவூட்டினால்தான் வாங்குவார். அத்தகையவரிடம், இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது.

நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு இரண்டு இருக்கை வண்டி எதற்கு என்று வாசக நேயர்கள் கேட்பீர்கள். நம் உறவினர் பலரும் கேட்டதுதான். அதற்கு விடை தேடுமுன், மருமகனின் கூட்டாளிகளைக் காண வேண்டும்.

அவர்கள் சனிக்கிழமை இரவுகளில் அப்பர் தாம்சன் சாலையிலுள்ள ஒரு பரோட்டாக் கடையில் கூடுகின்றனர். அந்தச் சாலைக்கே ஒரு வரலாறு உண்டு. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் கிராண்ட் பிரீ மோட்டார் பந்தயம் அங்கேதான் நடைபெற்றது. அதற்கெனத் தனித் தளம் எதுவும் கட்டப்படவில்லை. பொதுச் சாலையை அடைத்துவிட்டு, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வட்டமாக ஓட்டினர். விளக்குக் கம்பங்களும் வடிகால்களும் பாதையோரத்தில் அப்படியே நின்றன. உயிர்கள் பலியாயின. 1973-க்குப் பின் பந்தயம் கைவிடப்பட்டது. 2008-இல் மெரினா குடாவில் இரவுப் பந்தயம் தொடங்கும்வரை கிராண்ட் பிரீ அந்தத் தீவுக்குத் திரும்பவில்லை. ‘பாம்பு’ என்று ஓட்டுநர்கள் பெயரிட்ட பழைய வளைவுகளில் இன்று குடும்பத்தினர் நிதானமாகக் கார் ஓட்டிச் செல்கின்றனர். பந்தயம் போனாலும் பரோட்டா நிலைத்துவிட்டது.

கூடுவோர் எட்டு ஒன்பது பேர். சீனர் நால்வர், மலாய்க்காரர் இருவர், யூரேசியர் ஒருவர், நம்மவர் இருவர். மூத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான ஒரு சீனப் பெரியவர். 2005-இல் பதிவான ஹோண்டா எஸ் 2000 அவருடையது. தே தாரிக்கை ஆற விட்டுவிட்டு அவர்கள் பேசும் பேச்சைப் பக்கத்து மேசைக்காரர் கேட்டால், சந்தைக்கு வந்த மாடுகளைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொள்வதுதான் நினைவுக்கு வரும். பல் எப்படி, சுழி எப்படி, நடை எப்படி என்பதற்குப் பதிலாக எடை எத்தனை, பின் சக்கரத்திற்கு விசை எவ்வாறு போகின்றது, கியர் கையால் மாற்றுவதா தானாக மாறுவதா என்னும் விசாரணை.

அந்த மாதம் மேசையில் கிடந்தது போர்ஷே 911-இன் சேதி. அறுபதாண்டு காலமாகப் பெட்ரோலை மட்டுமே குடித்து ஓடிய அந்தக் கார், 2024 மே மாதம் வெளியிடப்பட்ட ஜி.டி.எஸ். வகையில் முதன்முறையாக மின்கலத்தின் துணையை ஏற்றுக்கொண்டது. 3.6 லிட்டர் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேர்ந்து 541 குதிரைத்திறன் தருகின்றது. எடை ஏறத்தாழ ஐம்பது கிலோ கூடியிருக்கின்றது. கையால் மாற்றும் கியர் அவ்வகையில் இல்லை. மலாய் இளைஞர் ஒருவர் இதைப் பெரிய முன்னேற்றம் என்று வாதிட்டார். ஆசிரியரோ, கிளட்சை மிதிக்காமல் ஓட்டுவதை ஓட்டுதல் என்று தாம் ஒப்புவதற்கில்லை என்றார். வாதம் ஒரு மணி நேரம் நீடித்தது. அந்த மேசையில் இருந்த ஒருவரிடமும் 911 இல்லை. வாங்கும் வசதியும் ஒருவருக்கும் இல்லை. வாங்க இயலாத காரைப் பற்றி இத்தனை நுணுக்கமாக ஆராய்வானேன் என்று மருமகனிடம் கேட்டோம். “மாமா, நம் வாப்பும்மா ஹஜ்ஜுக்குப் போக வசதி வருவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே போய் வந்தவர்களிடம் வழியெல்லாம் கேட்டு வைத்திருந்தார்களாமே!” என்றார் சிரித்துக்கொண்டே. ஒப்புமை சற்று அதிகப்படிதான். ஆயினும் பேச்சிலேயே பாதி இன்பம் என்பது விளங்கியது.

மருமகனின் கார் மாஸ்டா எம்.எக்ஸ். 5. வேகத்திற்குப் பெயர்பெற்ற வண்டி அன்று அது. 1960-களில் இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் போன்ற சிறிய, திறந்த, இலேசான இரட்டை இருக்கைக் கார்கள் புகழ் பெற்றிருந்தன. பழுதும் ஒழுக்கும் மலிந்திருந்தாலும் ஓட்டுவோர் மனத்தைக் கொள்ளைகொண்ட வண்டிகள். எண்பதுகள் வருவதற்குள் அவ்வகை அநேகமாக மறைந்துவிட்டது. பாப் ஹால் என்னும் அமெரிக்க மோட்டார் எழுத்தாளர் ஒருவர், அத்தகைய வண்டியைப் பழுதில்லாமல் செய்து தரலாமே என்று ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தாரின் காதில் போட்டு வைத்தார். 1989 பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இயந்திரம் வெறும் 1.6 லிட்டர். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி தயாரானது. ‘ஜின்பா இத்தாய்’, அதாவது குதிரையும் வீரனும் ஒன்றாதல், என்பதே அதை வடிவமைத்தவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கணம். இராவுத்தர் வழி வந்த ஒருவர் அவ்வண்டியில் மயங்கியதை நாம் தற்செயல் என்று விட்டுவிடுவதா, இரத்தம் என்று சொல்வதா?

இனிச் செலவுக் கணக்கு. சிங்கப்பூரில் கார் வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகின்றார். ஒன்று கார், மற்றொன்று, அக்காரைப் பத்தாண்டு காலம் சாலையில் வைத்திருக்கும் உரிமை. 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையின்படி, புதிதாக எத்தனை கார்கள் சாலைக்கு வரலாம் என்று அரசு வரையறுத்து, அந்த எண்ணிக்கையை மாதம் இருமுறை ஏலத்தில் விடுகின்றது. இடம் குறைந்த தீவு. நெரிசலைத் தடுக்க வேறு வழியில்லை என்பது அரசின் வாதம், அதில் நியாயமும் உண்டு. 2023 அக்டோபரில், பெரிய இயந்திரமுள்ள கார்களுக்கான பிரிவில் அந்த உரிமையின் விலை 150,001 வெள்ளியை எட்டியது. காரின் ஓர் ஆணி கூட அதில் அடங்காது.

மருமகன் காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். இறக்குமதியாகும்போது 30,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தீர்வை 20 விழுக்காடு, 6,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு அவ்வாண்டில் பொருள் சேவை வரி 8 விழுக்காடு, 2,880. அதன்மேல் கூடுதல் பதிவுக் கட்டணம்: மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு நூற்றுக்கு நூறு, எஞ்சிய 10,000-க்கு நூற்றுக்கு நூற்று நாற்பது, ஆக 34,000. அதன்மேல் உரிமைச் சான்றிதழ். கூட்டினால் 222,881 வெள்ளி. விற்பவரின் இலாபம் இன்னும் சேரவில்லை. இதுவே 150,000 வெள்ளி மதிப்புள்ள காரானால், 2023 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் 360,000. மொத்தம் ஏழு இலட்சத்தைத் தாண்டிவிடும். மேசையில் இருந்தோர் 911-ஐப் பேச்சோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

வாங்கிய பிறகும் செலவு விடுவதில்லை. இரண்டு லிட்டர் இயந்திரத்திற்குச் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 வெள்ளி. குடியிருப்பில் நிறுத்துவதற்கு மாதம் நூறு வெள்ளிக்கு மேல். காப்பீடு, பெட்ரோல், டயர், நகருக்குள் நுழைந்தால் மின்னியல் சாலைக் கட்டணம். இவையெல்லாம் அக்கூட்டத்தில் மறைபொருள் அல்ல. எவர் எந்தப் பட்டறையில் பிரேக்குக் கட்டைகளுக்கு எவ்வளவு கொடுத்தார், எவரை எந்த இடத்தில் ஏமாற்றினார்கள், ஜொகூரில் டயர் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் பைசா சுத்தமாகப் பேசப்படுகின்றன. ஊதாரிகள் என்று ஊரார் கருதும் இவர்களைப் போல வரவு செலவைக் கணக்கிடுவோரை நாம் நம் கடைத்தெரு வணிகரிடையேயும் அதிகம் கண்டதில்லை.

மருமகன் அக்காரை 2014 ஆகஸ்ட் மாதம் ஒன்றரை இலட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினார். கடன் வாங்கியிருக்கலாம். வட்டிக்குக் கார் வேண்டாம் என்று, முழுத் தொகையும் கையில் சேரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். அது விரயமா என்று நம்மைக் கேட்டால், நம் பணத்தில் நாம் செய்யமாட்டோம் என்பதே நம் விடை. ஆனால், ஈராயிரம் பேருக்குப் பிரியாணி ஆக்கி ஒரே பகலில் அதற்கீடான தொகையைக் கரைக்கும் திருமணங்களுக்குச் சென்று, வயிறார உண்டு, துஆச் செய்து வருகின்ற நாம், இதை மட்டும் விரயம் என்று விரல் நீட்டுவது எவ்வாறு பொருந்தும் என்பதும் விளங்கவில்லை.

வண்டியில் ஒருவரைத்தான் உடன் ஏற்ற முடியும். ஒருவர் ஏறினால் மற்றவர் வீட்டில். ஆகவே அக்குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பயணங்களுக்கு முறை வைத்துக்கொண்டனர். ஒரு முறை மனைவி, ஒரு முறை மகள், ஒரு முறை மகன். கூட்டுக் குடும்பத்தில் தந்தையோடு தனியே ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பேச எந்தப் பிள்ளைக்கு வாய்க்கின்றது? மகள் தன் ஒன்பதாம் வயதிலிருந்து அந்த இருக்கையில் அமர்ந்து தந்தையிடம் பேசியவற்றைத் தாயிடம் கூடப் பேசியதில்லை என்று தங்கை சொன்னாள். குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த சனிக்கிழமை அந்த முறை நமக்கு வந்தது. பள்ளி விடுமுறைக் காலம். ஐந்து கார்கள், மூன்று நாள் பயணம், கேமரன் மலை, பிறகு பினாங்கு. சிங்கப்பூர் நீள அகலத்தில் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாத தீவு. விரைவுச்சாலையிலும் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஆகவே, காரைச் சிங்கப்பூரில் வாங்கி மலேசியாவில் ஓட்ட வேண்டியிருக்கின்றது. அதற்கும் ஒரு விதி: எல்லையைக் கடக்கும் சிங்கப்பூர்க் காரின் எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவில் பெட்ரோல் மலிவு. வெறும் தொட்டியோடு போய் அங்கே நிரப்பி வருவதைத் தடுக்க 1989-இல் அரைத் தொட்டி என்று தொடங்கி, 1991-இல் முக்கால் ஆக்கினர். சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு உட்லண்ட்ஸ் சாவடியில் வரிசையில் நின்றபோது, ஐந்து ஓட்டுநர்களும் ஒருமுறை முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டதை நாம் கண்டோம்.

வண்டியில் ஏறுவதைப் பற்றி ஒரு சொல். இருக்கை ஏறத்தாழத் தரைமட்டம். நம் வயதில் அதில் ஏறுவதை ‘இறங்குதல்’ என்றுதான் சொல்ல வேண்டும். இறங்குவதற்கோ இருவர் துணை வேண்டும்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரம்பை மீறாமல் சென்றனர். குடும்பக் கார்கள் நம்மை முந்திச் சென்றன. அதில் அமர்ந்திருந்த சிறுவர்கள் சிவப்புக் காரைத் தோற்கடித்ததாகக் கையசைத்துச் சென்றனர். வேகம் காண விழைவோர், 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத்தளத்தில் கட்டணம் செலுத்தி ஓட்டலாம். பொதுச் சாலையில் பிறர் உயிரோடு விளையாடுபவனுக்கு நம் மேசையில் இடமில்லை என்றார் ஆசிரியர். அப்படி ஒருவரை முன்பு விலக்கியும் இருக்கின்றனராம்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மலை தொடங்குகின்றது. தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர். காட்டை அரிந்து சென்ற பழைய பாதை. ஒரு வளைவு முடியுமுன் மறுவளைவு. அங்கே மருமகன் பொத்தானை அழுத்த, பன்னிரண்டு நொடியில் கூரை மடங்கிப் பின்னே ஒடுங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். ஈர மண்ணின் வாசமும், லாத்தா இஸ்கந்தர் அருவியின் சாரலும், முன்னே செல்லும் காரின் புகையும் மாறி மாறி வந்தன. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக்கில் மெல்ல ஓர் அழுத்தம், கிளட்ச், மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, இயந்திரம் குரல் உயர்த்தல், வளைவின் நடுவில் பாதையின் முடிவைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைத் தளர்த்துதல், மீண்டும் விசை. அவர் கைகள் அவசரப்படவில்லை. பேச்சை அவர் நிறுத்திவிட்டார், நாமும் நிறுத்தினோம். ஹதீஸ் நூலை உரத்து ஓதும் மாணவன் மூச்சுவிட வேண்டிய இடங்களை அறிந்திருப்பதுபோல், எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார். பட்டறையிலும் வீட்டிலும் நாம் கண்டிராத ஒரு நிதானம் அவர் முகத்தில் இருந்தது.

பினாங்கைப் பற்றி நீட்டவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். நம்மவர்கள் அந்நாளில் தோளில் தண்டு சுமந்து விற்ற சோறே ‘நாசி கண்டார்’ என்று பெயர் பெற்றது; தண்டு போய்க் கடைகள் வந்து பல தலைமுறை ஆகின்றன. ஐந்து கார்க்காரர்களும் கையால் அள்ளி உண்டபின், திரும்பும் வழி ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர்.

இத்தனைக்கும் நடுவே எவரும் வாய்திறந்து பேசாத செய்தி ஒன்று இருந்தது. ஆகஸ்டில் மருமகனின் காருக்குப் பத்தாண்டு நிறைகின்றது. பாண்டியன் குதிரைகள் வைத்தியமின்றிச் செத்தன, இந்தக் குதிரைக்கு நோய் எதுவுமில்லை, வைத்தியர்களுக்கும் குறைவில்லை, நாள்தான் முடிகின்றது. அன்று இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். பதிவை நீக்கினால், முன்பு செலுத்திய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி, 17,000 வெள்ளி, திரும்பி வரும். வண்டி ஏற்றுமதிக்கோ உடைப்புக்கோ போய்விடும். உரிமையைப் புதுப்பித்தால், கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைச் செலுத்த வேண்டும். அவ்வேளையில் அது ஓர் இலட்சம் வெள்ளிக்குச் சற்று மேல். அத்தோடு அந்த 17,000 என்றென்றைக்கும் போய்விடும். பாதித் தொகை கட்டி ஐந்தாண்டு மட்டும் நீட்டலாம். ஆனால் அதன்பின் மறுநீட்டிப்பு கிடையாது. பத்து வயதைக் கடந்த காருக்குச் சாலை வரியும் ஆண்டுதோறும் பத்து விழுக்காடாக ஏறி ஒன்றரை மடங்கு வரை போகும்.

அதே ஆகஸ்டில்தான் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்கின்றாள்.

பயணம் முடிந்து வந்த வாரம் மருமகன் மேசையில் காகிதத்தை விரித்தார். வேறொரு கூட்டமாயிருந்தால் ‘வண்டியை விடாதே, பணம் வரும் போகும்’ என்று தட்டிக்கொடுத்திருப்பார்கள். ஒருவர் குறைந்தால் கூட்டம் குறையுமல்லவா? இவர்கள் எண்களைச் சரிபார்த்தனர். இளைஞர் ஒருவர் காப்பீட்டை விட்டுவிட்டீர்களே என்று அதையும் சேர்த்தார். கடைசியில் ஆசிரியர் சொன்னார்: “நான் 2015-இல் என் வண்டியைப் புதுப்பித்தேன். அப்போது பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். என் மனைவி போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எனக்கு அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. உன் கணக்கு வேறு.” அதன்பின் அவர் ஒன்றும் கூறவில்லை.

வீட்டில் நம்மிடம் கருத்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். தங்கை முந்திக்கொண்டாள். “அண்ணே, அவன் உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் தட்டமாட்டான். பிறகு அது அவன் முடிவாக இருக்காது” என்றாள். மனைவியோ, புதுப்பிப்பதானால் தமக்கும் அந்தக் கியரை மாற்றக் கற்றுத்தர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தார். மகள்தான் நேராகப் பேசினாள். “அத்தா, விடுவதானால் விடுங்கள். என் படிப்பைக் காரணமாகச் சொல்லாதீர்கள். சொன்னால், நான் படித்து முடித்த பிறகும் அந்தக் கார் என் பேரில் கடனாக நிற்கும்.” பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து இச்சொல் வந்ததும் மருமகன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கீழே வாகன நிறுத்தத்தில் வண்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும்.

நாம் ஜூலை முதல் வாரம் ஊர் திரும்பிவிட்டோம். முடிவைத் தங்கை தொலைபேசியில் தெரிவித்தாள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பதிவு நீக்கப்பட்டது. 17,000 வெள்ளி வங்கிக்கு வந்தது. வண்டியை ஏற்றுமதி வணிகர் ஒருவர் எடுத்துச் சென்றார். ஸ்டியரிங் வலப்புறம் உள்ள ஏதோ ஒரு நாட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் என்னவென்று மருமகன் எவரிடமும் கூறவில்லையாம். மகளும் கேட்கவில்லையாம்.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் ரயிலில் போகின்றார். அப்பர் தாம்சன் நிலையம் 2021-இல் திறக்கப்பட்டது. கார் இல்லாதவருக்கு அக்கூட்டத்தில் என்ன வேலை என்று நாம் தங்கையிடம் கேட்டோம். முன்னைக் காட்டிலும் அதிகம் பேசுகின்றாராம். இவ்வாண்டு கேமரன் பயணத்திற்கு நான்கு கார்கள். நான்கிலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலி. மருமகன் எவருடைய வண்டியில் ஏறுவது என்பதில் ஆசிரியருக்கும் அந்த மலாய் இளைஞருக்கும் இரண்டு வாரமாக வழக்கு நடக்கின்றது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று மருமகன் தீர்ப்புக் கூறியும், மலையேற்றம் எவர் பங்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.